மூன்று காவல் துறைகள் நிராகரித்தன: நான்காவது விண்ணப்பத்தில் எதை, எப்படிச் சொல்வது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன், வயது 27. நான்கு ஆண்டுகளில் மூன்று காவல் துறைகளுக்கு விண்ணப்பித்தேன். முதல் துறையில் 1.5 மைல் ஓட்டத்தில் தோற்றேன். இரண்டாவதில் நேர்காணல் வரை போனேன். காரணம் சொல்லாமல் 'தேர்வாகவில்லை' என்று ஒருவரிக் கடிதம் வந்தது. மூன்றாவதில் பின்னணி விசாரணையில் நிராகரித்துவிட்டார்கள். பழைய கடை வேலையிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நான் படிவத்தில் 'விலகினேன்' என்று எழுதியிருந்தேன். இப்போது நான்காவது துறைக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்றையும் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: மூன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஓட்டத்தில் தோற்றதோ, நேர்காணலுக்குப் பிறகு தேர்வாகாததோ உங்கள் வாய்ப்பைக் கெடுக்காது. கெடுக்கக்கூடியது அந்த 'விலகினேன்' என்ற சொல். அதைச் சரிசெய்யும் வழி இப்போதும் திறந்துதான் இருக்கிறது.

மறைத்தால் எப்படித் தெரியவரும் என்று பலர் கேட்பதுண்டு. தன்விவரப் படிவத்தோடு, 'என்னைப் பற்றிய எந்தத் தகவலையும் தரலாம்' என்ற ஒப்புதல் தாளிலும் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரி பழைய துறைகளுக்குப் போய் உங்கள் கோப்பைக் கேட்பார். முன்னாள் முதலாளிகளிடமிருந்து இப்படித் தகவல் பெறவென்றே கலிஃபோர்னியாவின் அரசுச் சட்டத்தில் 1031.1 என்ற பிரிவு இருக்கிறது. அன்று நீங்கள் நிரப்பிய படிவமும் இன்றைய படிவமும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். முரண்பாட்டைக் கண்டுபிடிக்க அவருக்குப் பெரிய திறமை தேவையில்லை.

பொய் என்ற இந்த ஒரு விஷயத்தில் காவல் துறைகள் இவ்வளவு கறாராக இருப்பதற்கு நீதிமன்றம்தான் காரணம். 1963இல் பிரேடி வழக்கிலும் 1972இல் ஜிலியோ வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றின்படி, சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கக்கூடிய தகவல் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். பொய் சொன்னதாகப் பதிவான காவலர் சாட்சிக் கூண்டில் ஏறினால் வழக்கே ஆட்டம் காணும். அதனால்தான் பத்து வருடத்துக்கு முந்தைய வேலை நீக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் துறை, போன வருடம் எழுதிய ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்வதில்லை.

முதல் வேலையாக ஒரு பட்டியல் போடுங்கள். துறையின் பெயர், பதவி, விண்ணப்பித்த மாதமும் வருடமும், கடைசியாக எட்டிய கட்டம், முடிவு, முடிவு வந்த தேதி என ஆறு தலைப்புகள் போதும். நினைவை நம்பாமல் மின்னஞ்சலில் 'விண்ணப்பம்', 'தேர்வு', 'நேர்காணல்' ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். குப்பை அஞ்சல் பெட்டியையும் விடாதீர்கள். இணையத்தில் பாதி நிரப்பிவிட்டு மறந்த விண்ணப்பம், எழுத்துத் தேர்வுக்கு அழைத்தும் போகாமல் விட்டது, நீங்களாகவே பின்வாங்கியது எல்லாம் அங்கேதான் அகப்படும். படிவத்தின் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். 'எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள்' என்று கேட்டிருந்தால் இவை அத்தனையும் அதில் அடங்கும். 'நிராகரித்தவை மட்டும்தானே' என்று நாமாகக் கேள்வியைச் சுருக்கிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தேதி துல்லியமாகத் தெரியாவிட்டால் மாதத்தை எழுதி 'ஏறக்குறைய' என்று சேர்த்துவிடுங்கள். தனியார் நிறுவனங்கள் வேலை தர மறுத்ததைப் படிவம் கேட்காதவரை எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேலையிலிருந்து நீக்கியதும், 'நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ' என்று சொல்லி விலக வைத்ததும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இனி உங்கள் மூன்று நிராகரிப்புகள். ஓட்டத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அன்றைய நேரம், இன்றைய நேரம். இரண்டாவதற்கு, 'காரணம் தெரிவிக்கப்படவில்லை' என்று அப்படியே எழுதுங்கள். 'நிறையப் பேர் வந்திருந்தார்கள், அதனால் இருக்கும்' என்று நாமாக ஒரு காரணத்தைக் கற்பித்து எழுதக் கூடாது. கோப்பில் வேறு காரணம் இருந்தால் அதுவும் முரண்பாடாகிவிடும். வேண்டுமானால் அந்தத் துறையின் பணியாளர் தேர்வுப் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். 'சொல்வதில்லை' என்று பதில் வந்தாலும், கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

மூன்றாவதற்குத்தான் நிதானம் தேவை. அந்தத் துறையிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: தகுதி நீக்கம் நிரந்தரமா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமா? அன்று கொடுத்த படிவத்தின் நகல் கிடைக்குமா? பிறகு புதிய படிவத்தில் வேலை விலகல் காரணம் கேட்கும் இடத்தில் 'நீக்கப்பட்டேன்' என்று எழுதி, கூடுதல் விளக்கப் பக்கத்தில் கிட்டத்தட்ட இப்படிச் சொல்லுங்கள்:

'இந்த வேலைக்கு ஒரே மாதத்தில் நான்கு முறை தாமதமாக வந்ததால் நீக்கப்பட்டேன். முன்பு வேறொரு துறைக்குக் கொடுத்த படிவத்தில் "விலகினேன்" என்று எழுதினேன். அது உண்மை இல்லை. நீக்கப்பட்டதைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்று பயந்து எழுதினேன். அதற்காக அந்தத் துறை என்னை நிராகரித்தது. இப்போதைய வேலையில் 26 மாதங்களாக இருக்கிறேன். வருகைப் பதிவை என் மேலாளரிடம் சரிபார்க்கலாம்.'

எண்களும் காரணமும் உங்களுடையவையாக இருக்கட்டும். அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது, தவறாக எழுதியது, ஏன் எழுதினேன், அதன் பிறகு என்ன மாறியது, அதை யாரிடம் விசாரிக்கலாம் என்ற வரிசைதான் அதற்கு வலு. 'தெரியாமல் தவறாக நிரப்பிவிட்டேன்' என்ற வாக்கியம் வேண்டவே வேண்டாம். அது இரண்டாவது பொய்யாகவே படிக்கப்படும். இந்த விளக்கத்தை விசாரணை அதிகாரி கேட்பதற்கு முன் எழுத்தில் கொடுப்பதற்கும், அவர் பழைய கோப்பைக் காட்டிய பிறகு ஒப்புக்கொள்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

படிவத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்பதற்காக, நேர்காணல் குழுவின் முன் எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் நிராகரிப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'வேறு எங்கே விண்ணப்பித்தீர்கள், என்ன ஆயிற்று' என்று கேட்டால் மட்டும், மூன்றையும் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் சொல்லி நிறுத்துங்கள். அதன் பிறகு குழு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பேசிக்கொண்டே போய், பழைய துறையைக் குறை சொல்லிவிடுபவர்கள் நிறைய. அந்தக் குறை வாயில் வந்ததுமே, நாளை மேலதிகாரி கண்டித்தால் இவர் எப்படி நடந்துகொள்வார் என்று குழு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்கு இதைத் தடுத்தாலும் அரசுத் துறைகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. எல்லாத் துறைகளும் இதை வைப்பதில்லை. வைத்தால், கருவியை மாட்டுவதற்கு முன்பே தேர்வாளர் கேள்விகளை உங்களோடு பேசிவிடுவார். விண்ணப்பதாரர்கள் பலர் விடுபட்டதை முதன்முதலாகச் சொல்வது அந்த அறையில்தான். படிவத்தில் இல்லாத ஒன்று அங்கே வெளிவந்தால், உண்மையே என்றாலும், 'ஏன் இதுவரை சொல்லவில்லை' என்ற கேள்வி உடனே எழும்.

மனநலத் தேர்வு, நிபந்தனையுடன் வேலை தருவதாகச் சொன்ன பிறகே வரும். பல துறைகள் பயன்படுத்தும் எம்எம்பிஐ-2 என்ற ஆளுமைத் தேர்வில் 567 சரி, தவறு வினாக்கள். தன்னைக் குறையே இல்லாதவராகக் காட்டிக்கொள்பவர்களைப் பிடிக்கவென்றே அதில் ஓர் அளவுகோல் உண்டு. நிராகரிப்பு வருத்தியதா என்று உளவியலாளர் கேட்டால், வருத்தியது என்று சொல்வதில் ஒன்றும் தப்பில்லை.

அனுப்புவதற்கு முந்தைய நாள், பட்டியலையும் படிவத்தையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். படிவத்தின் எல்லாப் பக்கங்களையும், கூடுதல் விளக்கத்தையும் சேர்த்து நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அனுப்பிய பிறகு விடுபட்ட ஒன்று நினைவுக்கு வந்தால், நேர்காணல் நாள்வரை காத்திருக்காமல் அன்றே விசாரணை அதிகாரிக்கு எழுதுங்கள்.