ஆம்ப்ளிஃபையரில் உய்ங் சத்தமா? எர்த் இணைப்பைப் பாருங்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் உய்ங்கென்ற சத்தமும் ஏறுகிறது, காரில் ஆம்ப் எர்த்தை, அதாவது ஆம்ப்ளிஃபையரிலிருந்து கார் பாடிக்குப் போகும் நெகட்டிவ் ஒயரை, பின்சீட் போல்ட்டில் மாட்டியிருக்கிறேன் என்கிறீர்கள். எனக்கு அந்த போல்ட் மேல்தான் சந்தேகம். அடியில் பெயிண்ட் இருக்கும், அது மின்சாரத்தைத் தடுக்கும்.

முதலில் சோதித்துவிடுங்கள். என்ஜின் ஓட, பாட்டைச் சத்தமாக வைத்து, மல்டிமீட்டரில் ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் இணைப்பு சரியில்லை. ஓம் (மின்தடை) அளவை நம்ப வேண்டாம்; ஒயரில் நாலு இழை தொட்டிருந்தாலே நல்லதாகக் காட்டிவிடும்.

அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பாடியில் கனமான தகடாகப் பார்த்து, இரும்பு பளபளக்கும்வரை பெயிண்டைச் சுரண்டுங்கள். ஒயர் முனையில் ரிங் டெர்மினலை (போல்ட் நுழையும் உலோக வளையம்) கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கி இறுக்கி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினால் துரு அண்டாது. எர்த் ஒயர் பவர் ஒயரைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொடாதீர்கள், அது உயிர் காக்கிற இடம்.