பீர், ஒயின், விஸ்கி எல்லாம் வீகன்களுக்கு ஏற்றவையா?

"திராட்சை, பார்லி, கரும்பு எல்லாமே செடி கொடி, ஈஸ்ட் ஒரு பூஞ்சை. அப்புறம் மதுவில் வீகன், வீகன் அல்லாதது என்று பிரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் பால், முட்டை, தேன் என்று விலங்குகளிடமிருந்து வரும் எதையும் தவிர்ப்பவர் வீகன்; அவருக்கு ஏற்ற பொருளையும் அப்படியே சொல்வார்கள்.)

சுருக்கமாகச் சொன்னால், காய்ச்சி வடித்த மதுவில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பீரில் ஓரளவு கவனம் வேண்டும். ஒயினை மட்டும் விசாரிக்காமல் வீகன் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. மூலப்பொருளை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த மதுவை எதைக் கொண்டு தெளிய வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

நொதித்து முடிந்த ஒயினும் பீரும் கலங்கலாகத்தான் இருக்கும். செத்த ஈஸ்ட், புரதத் துகள், டானின் என்ற துவர்ப்புப் பொருள் எல்லாம் அதில் மிதக்கும். சும்மா விட்டால் இவை அடியில் மண்டியாகத் தங்கிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சீக்கிரம் விற்க வேண்டுமே என்று தெளிவிப்பான்களைக் கலப்பார்கள். பயன்பாட்டில் உள்ள தெளிவிப்பான்களில் பல விலங்குகளிலிருந்து வருபவை: மீனிலிருந்து ஐசிங்கிளாஸ், எலும்பிலும் தோலிலுமிருந்து ஜெலட்டின், முட்டையின் வெள்ளைக்கரு, பாலிலிருந்து கேசீன், இறால் நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான்.

ஐசிங்கிளாஸ் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், அதை விட மனமில்லாமல் இருப்பது ஏன் என்று புரியும். மீனின் காற்றுப்பையை உலர்த்தி, மெல்லிய அமிலத்தில் ஊறவைத்து எடுக்கும் கொல்லாஜன் என்ற புரதம் இது. பீரில் இதற்கு நேர் மின்னேற்றம், ஈஸ்ட் செல்லின் மேற்பரப்புக்கு எதிர் மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு திரிதிரியாகத் திரண்டு, கனத்து அடியில் இறங்கிவிடும். பீப்பாய் வண்டியில் குலுங்கிக் கலங்கினாலும், அசையாமல் வைத்தால் திரும்பவும் படியும். வடிகட்டாமல் பீப்பாயிலிருந்தே நேராக ஊற்றித் தரும் பிரிட்டிஷ் கேஸ்க் ஏல் என்னும் பீர் வகைகளில் இது இன்றும் நிறையப் புழங்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே அந்த வகை ஏலில், வீகன் என்று சொல்லப்படாத எதையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒயினில் ஒவ்வொரு தெளிவிப்பானுக்கும் தனி வேலை. சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பைத் தணிக்க வெள்ளைக்கரு. 225 லிட்டர் ஓக் பீப்பாய்க்கு வழக்கமாக 3 முதல் 6 முட்டை. வெள்ளை ஒயினில் பழுப்பு நிறத்தையும் கசப்பையும் எடுக்கக் கேசீன். டானின் அதிகமானால் ஜெலட்டின். எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்பதை அந்தந்த ஆண்டு ஒயின் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் ஒரே பெயர், ஒரே திராட்சைத் தோட்டம் என்றாலும் ஓர் ஆண்டின் ஒயின் வீகனாகவும் அடுத்த ஆண்டினது வீகன் அல்லாததாகவும் இருக்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். விசாரிக்கும்போது ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

"அதுதான் அடியில் தங்கிவிடுகிறதே, குடிக்கும் மதுவில் இல்லையே" என்று வாதிடுபவர்கள் உண்டு. கிட்டத்தட்ட முழுவதும் நீங்கிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் வீகனுக்குக் கேள்வி கோப்பையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதல்ல, அதைத் தயாரிக்க ஓர் உயிர் பயன்பட்டதா என்பது. அந்த அளவுகோலில் மீன் கொல்லாஜனால் தெளிந்த பீர் வீகன் இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது, ஏனென்றால் மாற்றுவழிகள் எல்லாம் எப்போதோ வந்துவிட்டன. பென்டோனைட் களிமண், சிலிக்கா, பிவிபிபி என்னும் பிளாஸ்டிக் வகைத் தூள், பட்டாணிப் புரதம், உருளைக்கிழங்குப் புரதம், சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், நுண்வடிகட்டி என்று பட்டியல் நீளும். கின்னஸ் நிறுவனம் ஐசிங்கிளாஸைக் கைவிடுவதாக 2015-இல் அறிவித்து, 2018-க்குள் பீப்பாய், பாட்டில், கேன் மூன்றிலும் வடிகட்டும் முறைக்கு மாறிவிட்டது. அவ்வளவு பெரிய ஆலையால் முடிந்தது சின்ன ஆலையாலும் முடியும்.

லேபிளை நம்பலாமா என்றால், பாதிதான். தெளிவிப்பான் ஒரு 'பதப்படுத்தும் துணைப்பொருள்' என்பதால் சேர்மானப் பட்டியலில் வர வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8 முதல் ஒயினுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயம். அதிலும் நிலை இதுவே. முட்டை, பால் இரண்டும் ஒவ்வாமை தருபவை என்பதால், எச்சம் கண்டறியப்பட்டால் மட்டும் அங்கே எழுத வேண்டும். ஐசிங்கிளாஸுக்கு அந்த விதியிலிருந்தும் விலக்கு. ஆகவே லேபிளில் ஒன்றும் இல்லை என்பதால் வீகன் என்று ஆகிவிடாது. 'வெஜிடேரியன்' என்று போட்டிருந்தாலும் போதாது, முட்டையும் பாலும் அதற்குள் அடங்கிவிடும். வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி முத்திரை, வி-லேபிள் என்ற சைவ முத்திரையில் 'வீகன்' என்று தெளிவாகக் குறித்தது ஆகியவற்றை நம்பலாம். 'தெளிவிப்பான் சேர்க்காதது' என்று எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. 'வடிகட்டாதது' என்று மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் வடிகட்டாமலே தெளிவிப்பான் போட்டிருக்கலாம். எந்த மது வீகன் என்று தொகுத்துத் தரும் பார்னிவோர் பட்டியல் இணையத்தில் உண்டு, அது பயன்படும், ஆனால் பதிவு எந்த ஆண்டினது என்று பாருங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும்போது "இது வீகனா?" என்று கேட்டால் "ஆம், திராட்சை மட்டும்தான்" என்று விவரம் தெரியாத ஒருவர் பதில் போட்டுவிடுவார். இப்படிக் கேளுங்கள்: "இந்த ஆண்டு ஒயினைத் தெளிய வைக்க எந்தப் பொருளைப் பயன்படுத்தினீர்கள்? முட்டை, பால், மீன், ஜெலட்டின், ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் எதுவும் உண்டா?" பொருளின் பெயரோடு வரும் பதிலை நம்பலாம்.

வீட்டில் ஒயின் தயாரிப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் ஒயின் தயாரிப்புக் கிட்டோடு வரும் பொட்டலங்களைக் கவனியுங்கள். இரண்டு பொட்டலமாக வரும் தெளிவிப்பானில் ஒன்று சிலிக்கா, மற்றது பெரும்பாலும் ஓட்டுக் கைட்டோசான் அல்லது ஜெலட்டின். அவற்றை ஒதுக்கிவிட்டு பென்டோனைட் போடலாம். 20 லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் போதும். 60 டிகிரி அளவுக்குச் சூடான 300 மில்லி நீரைச் சுழற்றிக்கொண்டே தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். தூளின் மேல் நீரை ஊற்றினால் கட்டி தட்டும், பிறகு கரையாது. ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி கலக்கி, ஒயினில் சேர்த்து நன்றாகக் கிண்டுங்கள். ஒரு வாரம் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததைக் குழாய் வழியே இறக்கிக்கொள்ளலாம். மண்டி தளர்வாகத் தங்கும் என்பதால் கொஞ்சம் ஒயின் அதோடு வீணாகும். களிமண்ணை அள்ளிப் போட்டால் மணமும் நிறமும் சேர்ந்து போய்விடும். பழ ஒயின் இதற்கும் தெளியவில்லை என்றால் பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளால் வந்த கலங்கலாக இருக்கலாம்: ஒரு பங்கு ஒயினில் நாலு பங்கு வீரியமான எரிசாராயம் விட்டுப் பாருங்கள், இழைஇழையாகத் திரண்டால் அதுதான். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது. பெக்டினைச் சிதைக்கும் என்சைம்தான் அதற்கு மருந்து. பூஞ்சையிலிருந்து எடுத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

விஸ்கி, ரம், வோட்கா, ஜின், டெக்கீலா எல்லாம் காய்ச்சி வடித்தவை. ஆவியாகாத புரதம் எதுவும் கொதிகலனைத் தாண்டி வராது, தெளிவிப்பான் தேவையும் இல்லை. விஸ்கிக்கு நிறமூட்டும் கேரமலில் பால் கிடையாது, கருக்கிய சர்க்கரைதான். விதிவிலக்கு இரண்டு நினைவில் இருக்கட்டும்: பாலின் மோரிலிருந்து தயாராகும் வோட்கா சில உண்டு; மெஸ்கால் என்ற மெக்சிகோ மதுவின் பெச்சூகா வகையில் பச்சைக் கோழி நெஞ்சுக்கறியைக் கொதிகலனில் தொங்கவிட்டு வடிப்பார்கள்.

நேரடிச் சேர்மானமாக வருபவை கண்ணுக்குத் தெரிபவைதான்: கிரீம் லிக்கர், முட்டை சேர்ந்த அட்வொகாட், தேனில் தயாராகும் மீட், பால் சர்க்கரையான லாக்டோஸ் போட்ட மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். கண்ணுக்குத் தெரியாதது சிவப்புச் சாயம். கொச்சினீல் பூச்சியை நசுக்கி எடுக்கும் கார்மைன் அது. சேர்மானத்தில் ஈ120 என்று இருக்கும். காம்பாரி என்ற சிவப்பு பிட்டர் (கசப்பு மது) பல நாடுகளில் 2006-இல் இதைக் கைவிட்டது, மற்ற சிவப்பு பிட்டர்களில் பார்த்து வாங்குங்கள்.

காக்டெய்ல் என்றால் ஊற்றித் தருபவரிடமும் கேட்க வேண்டும். பிளடி மேரியில் ஊற்றும் வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும், விஸ்கி சவரின் நுரைக்கு வெள்ளைக்கரு போடுவார்கள். அந்த நுரைக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டி நீரே போதும்: ஒரு முட்டைக்குப் பதில் 30 மில்லி, முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கி, பிறகு ஐஸோடு ஒரு முறை.