கறையும் சொத்தையும்: தருமபுரிப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பல் மருத்துவர் பதில்கள்

மகனுக்கு 9 வயது. முன்பற்களில் பழுப்புக் கறை. கரி, உப்பு எல்லாம் தேய்த்தும் போகவில்லை. (பென்னாகரத்திலிருந்து ஒரு தாய்)

தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள், அம்மா. அது மேலே ஒட்டிய அழுக்கல்ல. ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்துள்ள புளோரைடு என்ற உப்பு, பல்லின் மேலுறையான எனாமலைக் கெடுத்துவிட்டது. கரியால் எனாமல்தான் தேயும். வளர்ந்தபின் நிறத்தைச் சரிசெய்ய வழி உண்டு. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே எடுங்கள். கிணற்று நீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

விழுந்துவிடும் பல்லுக்கு வைத்தியம் எதற்கு, டாக்டர்?

ஒரு முகாமில் 7 வயதுச் சிறுமி வறுக்கியை டீயில் ஊறவைத்து, இடப்பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் மிளகு நுழையும் அளவுக்குக் குழி. "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்றார் பாட்டி. அது பால் பல்லே அல்ல! 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முளைக்கும் நிரந்தரப் பல். பத்தில் எட்டு வீடுகளாவது இதில் ஏமாந்திருக்கும் என்பது என் கணக்கு. கறை எல்லோர் கண்ணிலும் படுகிறது, இந்தக் குழி படுவதில்லை. பிள்ளையை வெயிலில் நிறுத்தி, வாயை அகலத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். குழி விழும் முன்பே அதன் பள்ளங்களைப் பூசி அடைத்துவிடலாம். பால் பல்லும் அலட்சியத்துக்குரியதல்ல. அதில் சீழ் கட்டினால் அடியில் வளரும் பல் கெடும்.

தண்ணீரிலேயே புளோரைடு இருக்கும்போது புளோரைடு பற்பசை வேண்டுமா? (அங்கன்வாடிப் பணியாளர்)

நல்ல கேள்வி. வேண்டும். கறை உள்ள பல்லிலும் சொத்தை வரும்; பல்லின் மேல் படும் பசையின் புளோரைடு அதைத் தடுக்கும். கேடு, பசையை விழுங்குவதில். 3 வயதுக்குள் அரிசியளவு, பிறகு பட்டாணியளவு போதும். பெரியவர் கையால் வையுங்கள். இன்னும் கிணற்று நீரே குடிக்கும் ஊர் என்றால், துப்பத் தெரியாத குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

40 பிள்ளைகளுக்கு ஒரே குழாய். பள்ளியில் எப்படிப் பல் துலக்க வைப்பது? (ஆசிரியர்)

குழாயே தேவையில்லை, ஐயா. ஸ்காட்லாந்தின் மழலையர் பள்ளிகளில் தண்ணீரில்லாமலும் துலக்குகிறார்கள். நுரையைத் துப்பினால் போதும். கொப்பளித்தால் பசையின் பலனும் சேர்ந்து போய்விடும். பிரஷ்களில் பெயர் எழுதி, ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி வையுங்கள். இரவுத் துலக்கலுக்கு வீட்டில்தான் சொல்ல வேண்டும்.

செலவு?

அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் இலவசம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.