ஏ.ஐ. அணு உலைப் பயிற்சி: 1.80 லட்சம் கட்டலாமா?

கேள்வி: மகள் பி.இ. இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்திருக்கிறாள். 'இனி அணு உலையை ஏ.ஐ.தான் ஓட்டும், எங்களிடம் ஆறு மாதம் படித்தால் கல்பாக்கத்தில் வேலை உறுதி' என்று ஒரு மையம் 1.80 லட்சம் கேட்கிறது. சேர்க்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: சேர்க்காதீர்கள்.

உலையைத் தானாக இயக்கும் ஆராய்ச்சி நடப்பது உண்மை. சென்சார் மெல்லப் பிசகுவதையும் பம்ப் கெடப்போவதையும் நியூரல் நெட்வொர்க் எனும், தரவுகளிலிருந்து தானே கற்கும் ஏ.ஐ. மென்பொருள் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஆனால் உலையை நிறுத்தும் பொறுப்பை அதனிடம் விடுவதில்லை. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை), எரிபொருள் கட்டுகளைக் குளிர்வித்து வெளிவரும் திரவ சோடியத்தின் சூட்டைத் தெர்மோகப்பிள்கள் எனும் வெப்ப உணரிகள் அளக்கின்றன. மூன்று தனி அளவீட்டுத் தடங்களில் இரண்டு 'வரம்பு மீறிவிட்டது' என்றால் போதும், உலையை நிறுத்தும் தண்டுகள் உள்ளே இறங்கிவிடும்: 9 கட்டுப்பாட்டுத் தண்டுகள், வேறு வடிவமைப்பில் இன்னும் 3. எந்த நிலையில் என்ன செய்யும் என்று முழுக்கச் சோதித்து நிரூபித்த மென்பொருளுக்குத்தான் அங்கே இடம். தானே கற்கும் மென்பொருளை அப்படி நிரூபிப்பது இன்னும் தீராத சிக்கல்.

கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் உரிமமும் வெளியே விலைக்குக் கிடைக்காது. வேலையில் சேர்ந்து, பயிற்சி பெற்று, தேர்வுகளில் தேறியவருக்கே அது.

மையத்தில் திரையில் உலை ஓடுவதைக் காட்டி அசத்துவார்கள். அப்படிப்பட்ட பயிற்சி சிமுலேட்டர்களைச் சர்வதேச அணுசக்தி முகமை இலவசமாகவே தருகிறது! 'உள்ளே நம்ம ஆள் இருக்கிறார்' என்றால் வேலைவாய்ப்பு விளம்பர எண்ணைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

ஒரு விதிவிலக்கு. வளாகத்துக்குள் பராமரிப்பு வேலை செய்யும் கான்ட்ராக்ட் நிறுவனங்கள் நேரடியாக ஆள் எடுப்பதுண்டு. அது முறையான வேலைதான், ஆனால் அணுசக்தித் துறை வேலை அல்ல. கேட் பாஸைக் காட்டி 'இதுதான் ஆர்டர்' என்றால் நம்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் நியமனக் கடிதமும் பி.எஃப். கணக்கும் வேண்டும், அதற்கும் நீங்கள் பணம் தரவேண்டியதில்லை.

சரியான வழி இரண்டு. இந்திய அணுமின் கழகத்தின் எக்சிகியூட்டிவ் டிரெய்னி: பொறியியல் பட்டதாரிகளுக்கான 'கேட்' (GATE) தேர்வின் மதிப்பெண், பிறகு நேர்காணல். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி: கேட் மதிப்பெண் அல்லது அவர்களின் ஆன்லைன் தேர்வு, பிறகு நேர்காணல். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய்தான், பெண்களுக்கு அதுவும் இல்லை. தேர்வானால் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உங்கள் மகளுக்கு வரும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26. ஆறு மாதத்தை வீணாக்க நேரமில்லை.

இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்ப அதிகாரிகளுக்கு என்ன தடை? அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வரும்வரை தரகர்கள் பிழைத்துக்கொண்டே இருப்பார்கள்.

முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது நகலோடு எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.