டோனர் முட்டையில் பிறக்கும் குழந்தைக்கு உண்மையைச் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. கருமுட்டை இருப்பு மிகவும் குறைந்துவிட்டதால் டோனர் முட்டை (இன்னொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டை) வைத்து ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்யலாம் என்கிறார் டாக்டர். என் தங்கை தருகிறேன் என்கிறாள். என் கணவரோ, யார் முட்டையாக இருந்தாலும் சரி, பிறக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியக் கூடாது என்கிறார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: தங்கைக்குப் பெரிய மனசு. ஆனால் இங்கே சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலம்தான் முட்டை வர வேண்டும். தருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, உங்களை அவருக்கும் தெரியாது. அவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், அதுவும் 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் சும்மா இல்லை. அந்தப் பெண் பத்து நாள் போல ஊசி போட்டுக்கொள்கிறார், பிறகு மயக்க மருந்து கொடுத்து ஊசி வழியாக முட்டையை உறிஞ்சி எடுக்கிறார்கள், சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஈரோட்டில் ஒரு 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதார் தயாரித்து, திரும்பத் திரும்ப முட்டை எடுத்த கொடுமை 2022-ல் வெளிவந்ததே, நினைவிருக்கும். அதனால் டோனருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்தாயிற்றா என்று மருத்துவமனையில் கேளுங்கள். அந்தச் செலவு உங்களுடையது, அதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

இப்போது உங்கள் கணவர் விஷயம். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது: யாராவது ஒருநாள் "இது உன் குழந்தையே இல்லை" என்று உங்களைக் குத்திக்காட்டிவிடுவார்களோ என்பதுதான். சட்டப்படி அது முழுக்க முழுக்க உங்கள் இருவரின் குழந்தை, டோனருக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனால் குழந்தையிடமே மறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு உங்கள் மகளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, "அம்மா, பாட்டி யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று டாக்டர் கேட்டால், அவள் சொல்கிற பதில் தவறாகத்தான் இருக்கும், அது தவறென்றுகூட அவளுக்குத் தெரியாது. போதாததற்கு, எச்சிலை அனுப்பினால் மரபணுவைச் சொல்லிவிடும் பரிசோதனைகள் வந்துவிட்ட காலம் இது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான டோனர்களின் விவரத்தைப் பிள்ளைகள் 18 வயதில் கேட்டு வாங்கலாம். இங்கே அந்த உரிமை இல்லை. அது அந்தப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் சூசன் கோலம்போக் குழுவினர் இப்படிப் பிறந்த பிள்ளைகளை 20 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 7 வயதுக்கு முன்பே உண்மை தெரிந்தவர்களுக்கு அம்மாவோடு மனக்கசப்பு குறைவாக இருந்தது.

மூன்று, நான்கு வயதில் கதை சொல்வதுபோலத் தொடங்குங்கள்: "அம்மா வயித்துல முட்டை இல்லை, ஒரு நல்ல அத்தை குடுத்தாங்க, நீ அம்மா வயித்துலதான் வளர்ந்தே." மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வங்கி தரும் டோனரின் மருத்துவ விவரங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இருவரும் சேர்ந்து கவுன்சலிங் போய் வாருங்கள். அப்போதும் அவர் மனம் மாறவில்லை என்றால், சிகிச்சையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டு அவரோடு பேசி முடியுங்கள். டோனர் முட்டை என்பதால் சில மாதம் தள்ளுவதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.