பத்திரிகையும் மேடைப்பேச்சும் சட்டத்தின் போக்கை மாற்றுமா? சிங்கப்பூரில் என்ன நடந்தது?

நேரடியாக மாற்றுவது அரிது. ஆனால் ஒரு சட்டத்தால் பயன்பெற மக்களை முன்வரச் செய்ய அவற்றால் முடியும். 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இங்கே சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணத்தில் இருந்த தமிழர்கள் ஏராளம். 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, குடியுரிமை பெறும்படி அவர்களைத் தொடர்ந்து வலியுறுத்தினார். குடியுரிமை வந்தால் வாக்கும் வரும். வாக்குள்ள சமூகத்தின் மொழியை அரசியல்வாதிகள் எளிதில் ஒதுக்கமாட்டார்கள். தமிழ் இங்கு நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக இருப்பதில் அந்த எழுத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

பண்பாட்டை மாற்றச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் முழக்கங்களையும் ஒலிபரப்பையும் கொண்டே ஹொக்கியன், தியோச்சியூ போன்ற சீன வட்டார மொழிகளைப் பல வீடுகளில் ஓரங்கட்டியது. (வீட்டில் தமிழ் பேசுவது குறைவதைப் பற்றி நாமும் கவலைப்படுகிறோம், ஆனால் நமக்கு அப்படியொரு இயக்கம்கூடத் தேவைப்படவில்லை!)

சட்டமும் ஊடகத்தை வளைக்கும். 2019இல் நடப்புக்கு வந்த இணையப் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தின்கீழ், பதிவோடு திருத்தக் குறிப்பையும் வெளியிடுமாறு அமைச்சர் உத்தரவிடலாம். உயர் நீதிமன்றத்தை நாடுவது அதற்குப் பிறகுதான். அந்த வரிசைமுறைதான் எனக்கு உறுத்துகிறது.