ஃபெடரல் பிளாசாவின் இரும்புச் சுவர்

கேள்வி: நியூயார்க் சதுக்கத்தில் ரிச்சர்ட் செர்ரா நிறுவிய 'டில்டட் ஆர்க்' சிற்பத்தை மக்கள் எதிர்த்தார்கள் என்பதற்காக அரசே அப்புறப்படுத்திவிட்டது. ரசனை இல்லாத கூட்டத்திடம் கருத்துக் கேட்டால் கலை எப்படிப் பிழைக்கும்?
- வாசகர், திருச்சி

பதில்: அந்த மக்களை ரசனை இல்லாத கூட்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். 1981-ல் மன்ஹாட்டனின் ஃபெடரல் பிளாசாவில், மத்திய அரசு அலுவலகங்களின் முன்முற்றத்தில் அது எழுந்தது. 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குலக் கனம். துருவேறட்டும் என்றே பூச்சில்லாமல் விட்ட உருக்குத் தகடு, வில்லாக வளைந்து சற்றே சாய்ந்து நிற்கும். தினமும் அந்த முற்றத்தின் குறுக்கே நடந்து வேலைக்குப் போகிற ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை திறந்து கிடந்த இடத்தில் இன்று இரண்டாள் உயரத்துக்கு இரும்பு. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நடக்கிறவர் தன் நடையையும் இடத்தையும் புதிதாக உணர வேண்டும் என்பதே செர்ராவின் நோக்கம். எனக்கு அது பெரிய கலை. ஆனால் அந்தக் குமாஸ்தாவிடம் முன்கூட்டி யார் ஒரு வார்த்தை சொன்னார்கள்? சில மாதங்களிலேயே அங்கே வேலை செய்த 1,300 பேர் அகற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

மக்களிடம் கேட்டதால்தான் சிற்பம் போனது என்கிறீர்களே, அங்கேதான் தவறுகிறீர்கள். 1985 மார்ச்சில் மூன்று நாள் விசாரணை நடந்தது. பேசியவர்கள் 180 பேர். இருக்கட்டும் என்றவர்கள் 122, எடுங்கள் என்றவர்கள் 58. இருக்கட்டும் என்றவர்களில் கலைத்துறையினர் நிறைய என்பது உண்மை; ஆனாலும் வந்து பேசியவர்கள் அவர்கள்தானே? விசாரித்த குழுவோ நாலு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்ற கணக்கில் அகற்றவே பரிந்துரைத்தது. தலைமை வகித்த அதிகாரி வில்லியம் டயமண்ட், விசாரணைக்கு முன்பே அதை அகற்ற வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னவர். தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சி கேட்டிருக்கிறார்கள். இந்தப் பழியை மக்கள் தலையில் கட்டலாமா?

சிகாகோவைப் பாருங்கள். 1967-ல் அங்கே பிக்காசோவின் 50 அடிச் சிற்பத்தைத் திறந்தபோதும் முகம் சுளித்தவர்கள் ஏராளம். இதை எடுத்துவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வையுங்கள் என்றார் ஒரு நகரமன்ற உறுப்பினர். யாரும் அவசரப்படவில்லை. அதன் சரிவான அடித்தளத்தில் குழந்தைகள் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள், இன்றும் விளையாடுகிறார்கள். ஊர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. வழியை மறிக்கும் செர்ராவின் சுவருக்கு இது கடினம்தான். அதனாலேயே அதற்கு முன்பேச்சும் கூடுதல் காலமும் தேவைப்பட்டன. இரண்டையும் கொடுத்திருக்க வேண்டியது அரசு.

வேறிடத்துக்கு மாற்றுகிறோம் என்றார்கள். இந்த இடத்துக்கென்றே செய்தது, பெயர்த்தால் அழிந்தது என்று செர்ரா மறுத்தார். வழக்குப் போட்டுத் தோற்றார். 1989 மார்ச் 15 இரவில் ஆட்கள் வந்து அதை மூன்று துண்டாக்கிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள்.